அன்னா மாணி: பெங்களூரின் வைர ஆய்வகத்திலிருந்து அரல்வாய்மொழிக் காற்று வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதம் நெருங்கும்போது, பெங்களூரின் பள்ளிகளில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் 'இந்தியப் பெண் அறிவியலாளர்' என்ற செயல்திட்டத்திற்காக அன்னா மாணியின் பெயரை எழுதிக்கொண்டு வருகிறார். மல்லேஸ்வரத்திலும் யஷ்வந்த்பூரிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நாள்தோறும் கடந்து போகும் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' எனப்படும் இந்திய அறிவியல் கழக வளாகத்தில்தான் அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை தொடங்கியது என்பது அந்தப் பெற்றோர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கிறது. அவர்களும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகளுக்கு, இணையத்தில் சுற்றிவரும் மிகைகளைத் தவிர்த்து, இங்கே விடை தர முயன்றிருக்கிறோம்.

அன்னா மாணி யார்?

1918 ஆகஸ்டு 23 அன்று அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பீர்மேட்டில் பிறந்து, 2001 ஆகஸ்டு 16 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்த இயற்பியலாளர். சர் சி.வி. ராமனின் மாணவியாக வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தவர். பின்னர் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, மழைமானி முதல் ஓசோன் அளக்கும் கருவி வரை பலவற்றை இந்தியாவிலேயே வடிவமைத்துத் தயாரிக்கும் நிலையை உருவாக்கியவர். அத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். சூரிய ஆற்றலையும் காற்றாற்றலையும் பற்றி இந்தியாவில் இன்று பேசப்படுவனவற்றின் அடியில் கிடக்கும் எண்களில் கணிசமான பகுதி, அவரோ அவர் வழிநடத்திய குழுக்களோ அளந்து தொகுத்தவை.

வைரத் தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் போதும் என்று கேட்ட கதை உண்மையா?

உண்மை என்றே அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எட்டாம் பிறந்தநாளுக்கு வைரத் தோடு பரிசளிப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அன்னா அதை மறுத்துவிட்டு என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பின்னாளில் வைரத்தையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டவர் என்பதால் இந்தக் கதை எல்லோருக்கும் பிடித்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது அந்த வீட்டின் சூழல் என்பது எங்கள் எண்ணம். தந்தை கட்டடப் பொறியாளர்; ஏலக்காய்த் தோட்டங்களும் வைத்திருந்தார். சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவராயினும் மத நம்பிக்கைகளில் பற்றில்லாதவர். எதையும் தானே சோதித்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவதான அன்னா, ஊர் நூலகத்தில் இருந்த மலையாள நூல்களில் பெரும்பாலானவற்றைச் சிறு வயதிலேயே படித்து முடித்துவிட்டார்.

ஆனாலும் அந்த வீட்டில் ஆண் பிள்ளைகளுக்கு உத்தியோகம், பெண் பிள்ளைகளுக்குத் திருமணம் என்ற கணக்கு இருந்தது. சகோதரிகளுக்கு இளம் வயதிலேயே மணம் முடிந்தது. அன்னா படிக்கப் போகிறேன் என்றபோது பெரிய எதிர்ப்பும் எழவில்லை, பெரிய ஊக்கமும் கிடைக்கவில்லை. தமிழ் வாசகர்களுக்குப் பெரியார் வழியாக நன்கு அறிமுகமான வைக்கம் போராட்டத்தின்போது, 1925-இல் காந்தி அங்கு வந்தது அந்தச் சிறுமியின் மனத்தில் ஆழப் பதிந்தது. அதன் பிறகு அவர் கதர் உடுத்தத் தொடங்கினார்.

அவர் தமிழரா?

இல்லை, மலையாளி. பீர்மேடு தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிற்கு மேலே இருக்கும் மலையூர் என்பதும், அவர் பட்டப்படிப்பைச் சென்னையில் படித்தார் என்பதும் நமக்கு அவர்மீது உரிமை கொண்டாடப் போதாது. கொண்டாட வேண்டிய தேவையும் இல்லை.

இந்திய அறிவியல் கழகத்திற்கு அவர் எப்படி வந்தார்?

சென்னையில் இயற்பியல் ஆனர்ஸ் பட்டம் பெற்ற பிறகு, 1940-இல் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து பெங்களூருக்கு வந்தார். அப்போது ராமன் அங்கே இயற்பியல் பேராசிரியர். 1930-இல் நோபல் பரிசு பெற்று, 1933-இல் கழகத்தின் இயக்குநராக வந்து, 1937-இல் அந்தப் பொறுப்பிலிருந்து நீங்கி, துறையை மட்டும் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. போர்க்காலம் என்பதால் ஐரோப்பாவிற்குத் திரும்ப முடியாமல் ஹோமி பாபாவும் விக்ரம் சாராபாயும் அதே வளாகத்தில் இருந்தார்கள். இந்தியாவின் அணு, விண்வெளித் திட்டங்களின் முதல் தலைமுறை ஒரே வளாகத்தில் உலவிய அந்தச் சில ஆண்டுகள், அன்னா மாணியின் வாழ்க்கையிலும் பின்னர் பயன் தந்தன.

வைரத்தை வைத்துக்கொண்டு அவர் என்னதான் ஆராய்ந்தார்?

ராமனுக்கு அந்தக் காலத்தில் வைரத்தின்மீது தீராத மோகம். ஏறத்தாழ 300 வைரங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய மாணவர்களில் அநேகமாக எல்லோருமே வைரத்தின் ஏதாவது ஒரு பண்பை ஆராய்ந்தார்கள். அன்னா மாணிக்கு வாய்த்தது அதன் ஒளிர்வு. புற ஊதா ஒளியைப் பாய்ச்சும்போது சில வைரங்கள் நீல நிறத்திலும், சில மஞ்சள் கலந்த பச்சையிலும் ஒளிரும். சில ஒளிராமலே இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கற்கள் இப்படி வேறுபட்டு நடந்துகொள்வது ஏன் என்பதுதான் கேள்வி.

முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வு நிறமாலை, அவை எந்த ஒளியை உட்கொள்கின்றன என்று காட்டும் உட்கவர் நிறமாலை, ஒளி சிதறும்போது அலைநீளம் மாறுவதைக் காட்டும் ராமன் நிறமாலை ஆகிய மூன்றையும் அவர் பதிவு செய்து ஒப்பிட்டார். அறை வெப்பநிலையில் படிகத்தின் அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருப்பதால் நிறமாலைக் கோடுகள் பரவி மங்கிவிடும். அவற்றைக் கூர்மையாகப் பார்க்க வேண்டுமானால் கல்லைத் திரவக் காற்றின் வெப்பநிலைக்கு, அதாவது சுழியத்திற்குக் கீழே 190 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்க வேண்டும். ஒளிர்வோ மிகவும் மங்கலானது. அதனால் புகைப்படத் தகட்டில் ஒரே ஒரு நிறமாலை பதிய 15 முதல் 20 மணி நேரம் வரை ஒளி விழுந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. திரவக் காற்றோ ஆவியாகிக்கொண்டே இருக்கும். அளவு குறையக் குறைய ஊற்ற வேண்டும். இடையில் எதுவும் அசையக் கூடாது. வேறு வெளிச்சம் புகக் கூடாது. தகட்டைக் கழுவிப் பார்க்கும் வரை உழைப்பு பலித்ததா, வீணா என்று தெரியாது. எனவே அவர் பல இரவுகளை ஆய்வகத்திலேயே கழித்தார் என்று படிக்கும்போது அதைக் கடும் உழைப்பின் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தச் சோதனைக்கு வேறு வழியே கிடையாது.

1942-க்கும் 1945-க்கும் இடையில் வைரம், மாணிக்கக் கல் ஆகியவற்றின் ஒளிர்வு குறித்து ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். ஐந்திலும் ஆசிரியர் பெயர் அவருடையது மட்டுமே. வழிகாட்டும் பேராசிரியரின் பெயரோடு மாணவர் பெயரும் சேர்ந்தே வருவது வழக்கமாக இருக்கும் துறையில் இது கவனிக்கத்தக்கது.

அந்த முடிவுகள் இன்றும் செல்லுபடியாகுமா?

அளவீடுகள் செல்லும், அவற்றைச் சுற்றி அன்று சொல்லப்பட்ட விளக்கங்கள் பல செல்லாது. நீலமாக ஒளிரும் வைரங்களில் 4152 ஆங்ஸ்ட்ராம் (415.2 நானோமீட்டர்) அலைநீளத்தில் ஒரு கூர்மையான கோடு இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் ஒளிர்வுப் பட்டைகளும் மறுபக்கத்தில் உட்கவர் பட்டைகளும் கண்ணாடிப் பிம்பம்போல் அமையும். மஞ்சள் பச்சை ஒளிர்வில் அதே இடத்தை 5032 ஆங்ஸ்ட்ராம் கோடு வகிக்கிறது. ராமன் இத்தகைய வேறுபாடுகளை வைரத்தின் படிக அமைப்பே நான்கு வகைப்படும் என்ற தம் கொள்கையோடு இணைத்துப் பேசினார். அந்தக் கொள்கை நிலைக்கவில்லை. படிகங்களின் அதிர்வு குறித்து இயற்பியலாளர் மாக்ஸ் பார்னோடு அவர் நடத்திய நீண்ட வாதத்திலும் காலம் பார்ன் பக்கமே சாய்ந்தது. ஒளிர்வுக்குக் காரணம் வேறு. வைரத்தில் கார்பன் அணுக்களுக்கு நடுவே நைட்ரஜன் கலந்திருப்பது 1959-இல் உறுதியானது. 4152 கோடு, ஓர் அணு இல்லாத வெற்றிடத்தைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள் அமர்ந்திருக்கும் அமைப்பிலிருந்து வருகிறது என்பதும் பிறகு தெளிவாயிற்று.

இன்று ரத்தினப் பரிசோதனைக் கூடங்களில் ஒரு வைரம் இயற்கையானதா, ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டதா என்று பார்ப்பவர்கள் தேடும் தடயங்களில் இதே 415 நானோமீட்டர் கோடும் ஒன்று. ஆசிரியரின் கொள்கை விழுந்த பிறகும் மாணவியின் அளவீடு நின்றது என்பதை நாம் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறோம். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் இது பொருந்தும்.

இவ்வளவு செய்தும் முனைவர் பட்டம் ஏன் கிடைக்கவில்லை?

1945 ஆகஸ்டில் அவர் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். இந்திய அறிவியல் கழகம் அப்போது தானே பட்டம் வழங்கும் நிலையில் இல்லை. அங்கு செய்த வேலையை ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்திடம் அளித்தே பட்டம் பெற வேண்டும். அன்னா மாணியிடம் முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டிப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தை மறுத்தது. ஆனர்ஸ் பட்டத்தோடும் ஐந்து தனிக் கட்டுரைகளோடும் நின்ற ஒருவரை விதியின் பெயரால் திருப்பி அனுப்பியது, விதியைக் காப்பாற்றியிருக்கலாம். பட்டத்தின் நோக்கத்தைக் காப்பாற்றவில்லை. அட்டை கட்டிய அந்த ஆய்வேடு, பட்டம் பெற்ற மற்ற ஆய்வேடுகளோடு ராமன் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கிறது. அவரோ இதைப் பற்றிப் பெரிதாகக் குறைபட்டுக்கொள்ளவில்லை. பட்டம் இல்லாததால் தம் வேலைக்கு எந்த இடையூறும் வரவில்லை என்ற நிலையிலேயே கடைசி வரை இருந்தார்.

ராமன் ஆய்வகத்தில் பெண்களின் நிலை எப்படி இருந்தது?

எளிதாக இல்லை. ராமன் சேர்த்துக்கொண்ட பெண்கள் மிகச் சிலர். அன்னா மாணியின் காலத்தில் சுனந்தா பாய் என்ற இன்னொருவர் இருந்தார். ஆண் மாணவர்களும் பெண் மாணவர்களும் பேசிக்கொள்வதை ராமன் விரும்பவில்லை. ஆராய்ச்சியில் பாதி, தேநீர் குடித்துக்கொண்டே ஒருவரோடொருவர் வாதிடுவதில்தான் நடக்கிறது. அந்தப் பாதி பெண்களுக்கு அடைபட்டிருந்தது. சோதனையில் சிறு பிசகு நேர்ந்தாலும் அது பெண்ணின் திறமையின்மை என்று பேசப்பட்டது. சுனந்தா பாயும் ஆய்வேடு எழுதினார். அவருக்கும் பட்டம் கிடைக்கவில்லை. வெளிநாட்டு ஆராய்ச்சிக்குப் புறப்பட இருந்த வேளையில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த முடிவிற்கான காரணத்தை ஊகித்து எழுதுவது முறையல்ல. ஆனால் அன்னா மாணியின் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிச் செல்பவர்கள், அதே வரிசையில் அமர்ந்திருந்த இன்னொரு பெண்ணின் பெயரையும் சொல்லியாக வேண்டும்.

இயற்பியலை விட்டு வானிலைக்கு ஏன் போனார்?

விரும்பிப் போகவில்லை. இங்கிலாந்தில் பயிற்சி பெற அரசு உதவித்தொகை கிடைத்தது. இயற்பியல் ஆராய்ச்சியைத் தொடரும் எண்ணத்தோடு 1945-இல் படைவீரர்கள் செல்லும் கப்பலில் ஏறி லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். அங்கே அவருக்குக் கிடைத்த இடம் வானிலைக் கருவிகளில் மட்டுமே. எனவே கருவிகளைக் கற்றார். இதைத் திசைமாற்றம் என்று சொல்வதைவிட, கையில் இருந்த திறமைக்கு வேறொரு பொருள் கிடைத்தது என்று சொல்லலாம். பதினைந்து மணி நேரம் ஒரு தகட்டுக்காகக் காத்திருந்தவருக்கு, ஒரு வெப்பமானி காட்டும் எண்ணை நம்பலாமா என்ற கேள்வி அந்நியமானதல்ல.

மழைமானியும் வெப்பமானியும் செய்வதில் அப்படி என்ன சாதனை?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள் அல்லர், பெற்றோர்கள்.

1948-இல் நாடு திரும்பி, புணேயில் இருந்த இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிகள் பிரிவில், எஸ்.பி. வெங்கிடேஸ்வரனின் கீழ் சேர்ந்தார். அதுவரை எளிய வானிலைக் கருவிகள்கூட பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்தன. வெங்கிடேஸ்வரன் அவற்றை இங்கேயே செய்யும் முயற்சியைத் தொடங்கியிருந்தார். அன்னா மாணி அதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 100 கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி உற்பத்தியைத் தொடங்கி வைத்தார். 1953-இல் அந்தப் பிரிவின் தலைவரானபோது அவருக்குக் கீழ் 121 ஆண்கள் வேலை செய்தார்கள்.

தரப்படுத்துதல் என்ற சொல் சலிப்பூட்டலாம். ஆனால் வானிலை என்பது ஒப்பீட்டின் அறிவியல். மதுரையில் பெய்த மழையையும் மங்களூரில் பெய்த மழையையும் ஒப்பிட வேண்டுமானால், இரண்டு ஊர் மழைமானிகளின் வாயும் ஒரே பரப்பளவில் இருக்க வேண்டும். விளிம்பு ஒரே விதமாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். தரையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். விளிம்பு மழுங்கியிருந்தால் அதில் பட்டுத் தெறிக்கும் துளிகள் கணக்கைக் கெடுக்கும். ஒரு பட்டறையில் கொல்லர் ஒருவர் தம் கைப்பழக்கத்தில் சிறிது மாற்றிச் செய்துவிட்டால், அந்த மாற்றம் இருபது ஆண்டு மழைப் பதிவுகளில் ஒளிந்துகொண்டு, பருவமழை குறைகிறது அல்லது கூடுகிறது என்ற பொய்யான முடிவுக்குக் கொண்டுபோய் விடும். தவறான அளவீடு, அளவீடே இல்லாததைவிட மோசமானது என்பதில் அன்னா மாணி பிடிவாதமாக இருந்தார். வரைபடம், உலோகம், அளவுதிருத்தம், ஒப்புச் சோதனை என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவர் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்ததற்கு அதுவே காரணம்.

சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அவர் எப்போது அமைத்தார்?

1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, இந்தியாவில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலையமைப்பை உருவாக்கினார். முதலில் வெளிநாட்டுக் கருவிகள். விரைவிலேயே இங்கு செய்தவை.

கதிர்வீச்சை அளக்கும் பைரனோமீட்டரைப் பார்த்தால் மிக எளிமையானதாகத் தெரியும். கருமை பூசிய சிறு தகடு, அதன்மேல் அரைக்கோளக் கண்ணாடிக் கவிப்பு, அடியில் மட்டம் பார்க்கும் குமிழி, அவ்வளவுதான். வெயில் பட்டால் கருந்தகடு சூடாகும். சூடான பகுதிக்கும் குளிர்ந்த பகுதிக்கும் இடையிலான வேறுபாட்டை வெப்ப மின்னிணைப்புகள் மில்லிவோல்ட் கணக்கில் மின்னழுத்தமாக மாற்றும். சிக்கல் எல்லாம் சுற்றுப்புறத்தில் இருக்கிறது. கண்ணாடியில் படியும் தூசி, அதிகாலைப் பனித்துளி, பறவை எச்சம், சற்றே சாய்ந்த மட்டம், ஆண்டுகள் செல்லச் செல்ல வெளிறும் கருமை என்று ஒவ்வொன்றும் எண்ணைக் குறைத்தோ கூட்டியோ காட்டும். எனவே ஒவ்வொரு கருவியையும் குறித்த கால இடைவெளியில் முதன்மைக் கருவி ஒன்றோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அந்த முதன்மைக் கருவியைப் பன்னாட்டு அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். இந்தச் சங்கிலியை இந்தியாவில் கட்டி முடித்ததே அவருடைய பெரும் பணி. இன்று வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பதிக்க விலை கேட்கும்போது நிறுவனத்தார் சொல்லும் 'ஆண்டுக்கு இத்தனை யூனிட்' என்ற மதிப்பீட்டு முறைக்கு இந்நாட்டில் அடித்தளம் போட்டவை இத்தகைய அளவீடுகளே.

ஓசோன்சோண்ட் என்றால் என்ன? அது எப்படி வேலை செய்கிறது?

ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் கட்டி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரம் வரை அனுப்பப்படும் சிறு கருவி. உள்ளே பொட்டாசியம் அயோடைடு கரைசல் இருக்கும். சின்னஞ்சிறு பம்பு ஒன்று வெளிக்காற்றை இழுத்துக் கரைசலுக்குள் குமிழிடச் செய்யும். காற்றில் ஓசோன் இருந்தால் அது கரைசலில் அயோடினை விடுவிக்கும். அதனால் மின்முனைகளுக்கு இடையே மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். ஓசோன் எவ்வளவோ அவ்வளவுக்கு மின்னோட்டம். அதை வானொலி அலையாக மாற்றிக் கீழே அனுப்பினால், எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்ற வரைபடம் கிடைக்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், குளிர் கூடும், பம்பின் திறன் மாறும். இவை அனைத்தையும் கணக்கில் கொண்டு, ஒருமுறை பறந்து தொலையும் கருவியை மலிவாகவும் நம்பகமாகவும் செய்ய வேண்டும்.

1960-களில் அன்னா மாணியின் குழு இதைப் புணேயில் உருவாக்கியது. சொந்தமாக ஓசோன்சோண்ட் செய்த நாடுகள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஓசோன் படலம் பற்றி உலகம் கவலைப்படத் தொடங்கியதற்கு முன்பே, வெப்பமண்டலப் பகுதியின் ஓசோனைப் பற்றிய தொடர் பதிவுகளை இந்தியா வைத்திருந்தது என்றால் அதற்கு அவரும், ராமனின் மூத்த மாணவரும் ஓசோன் ஆராய்ச்சியின் முன்னோடியுமான கே.ஆர். ராமநாதனும் காரணர்கள். அன்னா மாணி பன்னாட்டு ஓசோன் ஆணையத்தின் உறுப்பினராகவும் இருந்தார். பின்னாளில் அண்டார்க்டிக்காவின் இந்திய நிலையத்திலிருந்தும் இந்திய ஓசோன்சோண்டுகள் பறந்தன.

தும்பா ராக்கெட் தளத்தோடு அவருக்கு என்ன தொடர்பு?

1963-இல், விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின்பேரில் தும்பாவில் வானிலை ஆய்வுக்கூடத்தையும் கருவிகள் பொருத்திய கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தார். அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அன்றைய சிறு ராக்கெட்டுகளுக்குப் பறக்கும்போது திசை திருத்தும் வசதி இல்லை. ஏவும் நேரத்தில் தரைக்கு மேல் வெவ்வேறு உயரங்களில் காற்று எப்படி வீசுகிறது என்று தெரிந்து, அதற்கேற்ப ஏவுகோணத்தை மாற்ற வேண்டும். கோபுரத்தின் வேலை அதுதான்.

ஓய்வுக்குப் பிறகு பெங்களூரில் என்ன செய்தார்?

அவர் வாழ்க்கையில் பெங்களூர்த் தமிழர்களுக்கு மிகவும் நெருக்கமாக வரும் பகுதி இது என்று சொல்லலாம். 1976-இல் ஓய்வு பெற்றதும், மேக்ரி சர்க்கிள் அருகே உள்ள ராமன் ஆய்வு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் வருகைப் பேராசிரியராக இருந்தார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளைத் தொகுத்து, 1980-களின் தொடக்கத்தில் இரண்டு பெரிய நூல்களாக வெளியிட்டார். இவற்றில் ஒன்றில் எஸ். ரங்கராஜன் உடனாசிரியர். சூரிய ஆற்றல் துறையில் வேலை செய்த பொறியாளர்களுக்குப் பல்லாண்டுகள் அவையே கைநூல்கள்.

அடுத்து காற்று. பெங்களூரை மையமாகக் கொண்டு காற்றாற்றல் ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்தினார். காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப மாறும். வேகத்தை 10 விழுக்காடு கூட்டி அளந்துவிட்டால் ஆற்றல் 33 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். கடன் வாங்கிக் காற்றாலை நிறுத்தியவர் திண்டாடுவார். ஏற்கெனவே இருந்த வானிலை நிலையங்களின் பதிவுகள் இதற்குப் போதவில்லை. நிலையம் தொடங்கியபோது வெட்டவெளியாக இருந்த இடத்தைச் சுற்றி மரமும் மாடியும் எழுந்து காற்றை மறைத்திருக்கும். காற்றுமானி உயரம் குறைவாக நின்றிருக்கும். எனவே முதலில் இருக்கும் தரவுகளைச் சரிபார்த்து 1983-இல் தொகுப்பாக வெளியிட்டார். பிறகு காற்றாலைக்கு ஏற்ற இடங்களைத் தேடி, கம்பங்கள் நட்டுப் புதிதாக அளக்கும் பணி விரிந்தது. 700-க்கும் மேற்பட்ட இடங்களின் தரவுகள் அவருடைய வழிநடத்தலில் திரண்டன.

பெங்களூரிலிருந்து நாகர்கோவில் போகும் ரயிலில் செல்பவர்கள் வள்ளியூர் தாண்டியதும், அரல்வாய்மொழிக் கணவாய் வரை இருபுறமும் வரிசை வரிசையாகக் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக் காற்றைத் தடுத்து, பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, அரல்வாய்மொழி போன்ற கணவாய்களின் வழியே பிதுக்கித் தள்ளுகிறது. அங்கு காற்றின் வேகம் கூடுகிறது. ஆடிக் காற்றின் பலம் உழவர்களுக்குக் காலங்காலமாகத் தெரியும். ஆனால் எந்த மாதத்தில், எந்த மணியில், எத்தனை மீட்டர் உயரத்தில் எவ்வளவு என்ற எண் இல்லாமல் வங்கி கடன் தராது, மின்வாரியம் கம்பி இழுக்காது. அந்த எண்ணைத் தந்த பணிகளில் அவருடையது முதன்மையானது. இதோடு நிற்காமல், காற்று வேகத்தையும் சூரியக் கதிர்வீச்சையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு தொழிலகம் ஒன்றையும் பெங்களூரில் நடத்தினார். 1994-இல் பக்கவாதம் தாக்கி நடமாட்டம் முடங்கும் வரை வேலையை நிறுத்தவில்லை.

பெண் என்பதால் தடைகளைச் சந்தித்ததாக அவரே சொல்லியிருக்கிறாரா?

பெண் விஞ்ஞானி என்று தனியாகப் பிரித்துப் பேசப்படுவதை அவர் ரசிக்கவில்லை. இயற்பியல் பிடித்திருந்தது, படித்தேன், வேலை கிடைத்தது, செய்தேன் என்பதுதான் அவருடைய தோரணை. அதே நேரம், மேலே சொன்ன தடைகள் நடந்தவை. அவற்றை அவருடைய அடக்கத்தைக் காரணம் காட்டி இல்லாமல் செய்துவிட முடியாது. ஒருவர் தம்மைப் பாதிக்கப்பட்டவராகக் காட்டிக்கொள்ள மறுப்பதும், அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று நாம் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இதைத் தியாகமாகச் சித்திரிக்கும் கட்டுரைகள் பல உண்டு. அவர் அப்படிச் சொன்னதாக நாங்கள் எங்கும் படித்ததில்லை. மலையேற்றமும் இயற்கையும் நூல்களும் அவருக்குப் பிடித்தவை.

விருதுகள்?

1987-இல் இந்தியத் தேசிய அறிவியல் கழகத்தின் கே.ஆர். ராமநாதன் பதக்கம் பெற்றார். 2022 ஆகஸ்டு 23 அன்று, அவருடைய 104-ஆம் பிறந்தநாளில், கூகுள் தன் முகப்பில் அவருடைய சித்திரத்தை வெளியிட்டது; பள்ளிகளில் பெயர் பரவியது அதன் பிறகுதான்.

பிள்ளைகளின் செயல்திட்டங்களில் வழக்கமாக வரும் பிழைகள் எவை?

'டாக்டர் அன்னா மாணி' என்று எழுதுகிறார்கள். முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது என்பதே அவர் வரலாற்றின் முக்கியச் செய்தி. ராமன் ஆய்வு நிறுவனத்தில் வைர ஆராய்ச்சி செய்தார் என்று எழுதுகிறார்கள். அந்த நிறுவனம் 1948-இல்தான் தொடங்கியது, வைர ஆராய்ச்சி நடந்தது இந்திய அறிவியல் கழகத்தின் இயற்பியல் துறையில். ராமன் நோபல் பரிசு பெற்ற ஆய்வில் அவருக்குப் பங்கு உண்டு என்று எழுதுவோரும் உண்டு. பரிசு கிடைத்த 1930-இல் அவருக்கு வயது 12. ஓசோன் துளையைக் கண்டுபிடித்தவர் என்பதும் தவறு. அதை 1985-இல் அறிவித்தவர்கள் பிரிட்டனின் அண்டார்க்டிக் ஆய்வாளர்கள். படம் ஒட்டுவதற்குப் பதிலாக எதையாவது செய்துகாட்ட விரும்பும் மாணவர்கள், ஒரே அளவுள்ள இரண்டு டப்பாக்களை மழைமானிகளாக்கி, ஒன்றை மொட்டைமாடியின் நடுவிலும் மற்றொன்றைச் சுவரோரமாகவும் வைத்து, ஆகஸ்டு மழையில் இரண்டும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று ஒரு வாரம் குறித்துக் கொடுக்கலாம்.